பிறையைப் பார்த்தால் மணி தெரியும்

சென்ற இதழில் கோள்களைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களோ பெரும்பாலும் நிலாவைப் பற்றியவை. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். கோள்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். நிலா தானாகவே ஜன்னலுக்கு வந்து நிற்கிறது. இந்த இதழின் பதில்கள் முழுவதும் அதற்கே.

கேள்வி: நாளிதழில் நிலா உதய நேரத்தைத் தினமும் பார்ப்பது என் வழக்கம். போன மாதம் ஒருநாள் நேரத்துக்குப் பதிலாக வெறும் கோடு போட்டிருந்தார்கள். அச்சுப் பிழையா?
(ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர்)

பதில்: பிழை இல்லை, ஐயா. அன்று நிலா உதிக்கவில்லை. மாதத்துக்கு ஒருமுறை இப்படி நடந்தே தீரும்.

நிலா பூமியைச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்காக நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ தன் அகலத்தின் அளவு, அதாவது அரைப் பாகை. ஒரு நாளில் சுமார் 13 பாகை. பூமி ஒரு சுற்றுச் சுற்றி நம்மைப் பழைய திசைக்கே கொண்டுவந்து நிறுத்தும்போது நிலா அங்கே இல்லை. கிழக்கே தள்ளிப் போயிருக்கிறது. அதை எட்டிப் பிடிக்கப் பூமி இன்னும் சற்றுத் திரும்ப வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு நாளும் உதயம் சராசரியாக 50 நிமிடம் பின்தங்குகிறது.

இப்போது கோட்டுக்கு வருவோம். செவ்வாய்க்கிழமை இரவு 11.35க்கு நிலா உதிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த உதயம் 24 மணி 50 நிமிடம் கழித்து. அப்போது மணி நள்ளிரவு கடந்து 12.25, கிழமை வியாழன். நடுவே ஒரு முழுப் புதன்கிழமை உதயமே இல்லாமல் போய்விட்டது. நள்ளிரவை ஒட்டி நிலா எழுவது தேய்பிறையின் அரைநிலா நாட்களில்தான். எனவே உதயப் பத்தியில் கோடு விழுவது எப்போதும் அந்த நாட்களில். மறைவு நேரப் பத்தியையும் கவனியுங்கள். வளர்பிறையின் அரைநிலாவை ஒட்டி அதிலும் ஒரு கோடு இருக்கும். ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு 29 நாள் 12 மணி 44 நிமிடம். அதற்குள் சூரியன் எத்தனை முறை உதிக்கிறதோ, அதைவிட ஒருமுறை குறைவாகவே நிலா உதிக்கிறது.

50 நிமிடம் என்பது சராசரி என்பதை மறக்க வேண்டாம். மொட்டைமாடியில் ஒரு குறிப்பேட்டை வைத்துக்கொண்டு உதய நேரங்களைக் குறித்து வருபவன் நான். ஒரு வாரத்தின் தாமதமும் அடுத்த வாரத்தின் தாமதமும் ஒன்றாக இருப்பதில்லை. நிலாவின் பாதை கீழ்வானத்தோடு படுக்கையாகச் சாய்ந்திருக்கும் நாட்களில் அது பக்கவாட்டில்தான் அதிகம் நகர்கிறது, கீழே இறங்குவது குறைவு, தாமதமும் குறைகிறது. பாதை நிமிர்ந்திருந்தால் தாமதம் கூடுகிறது. வட அரைக்கோளத்தின் நடுப்பகுதி நாடுகளில் செப்டம்பர் இறுதியை ஒட்டிய பௌர்ணமியில் இந்தத் தாமதம் 25, 30 நிமிடமாகச் சுருங்கிவிடும். அதே ஊர்களில் மார்ச் இறுதியில் 70 நிமிடத்தையும் தாண்டும். துருவத்துக்கு இன்னும் அருகே போனால், சில நாட்களில் நிலா முந்தைய நாளைவிட முன்னதாகவே எழுந்துவிடுவதும் உண்டு.

எழும் இடமும் மாறும். என் எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு இடப்பக்கம் எழுந்த நிலா இரண்டு வாரத்தில் வலப்பக்கம் வெகுதூரம் போய்விடுகிறது. சூரியன் ஆறு மாதத்தில் செய்யும் இந்த நகர்வை நிலா இரண்டே வாரத்தில் முடித்துவிடும்.

கேள்வி: காலையில் பத்து மணிக்கு விளையாட்டு பீரியடில் நிலாவைப் பார்த்தேன். நிலா இரவில் மட்டும்தான் வரும் என்று என் தோழிகள் சொல்கிறார்கள். நான் பார்த்தது நிலாதானா?
(ஆறாம் வகுப்பு மாணவி)

பதில்: நிலாவேதான். நீ தேதி எழுதவில்லை. பரவாயில்லை, மணியை வைத்தே சொல்கிறேன். பௌர்ணமி கழிந்து ஏறக்குறைய ஒரு வாரம் ஆகியிருக்கும். நிலா மேற்குப் பக்கம் இருந்திருக்கும். அரை வட்டத்தை ஒட்டிய வடிவம். சரியா?

மொத்தக் கணக்கில், நிலா இரவில் எவ்வளவு நேரம் வானில் இருக்கிறதோ கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் பகலிலும் இருக்கிறது. யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான். உன் தோழிகளை அழைத்துக்கொண்டு, அமாவாசை கழிந்த ஏழாம் அல்லது எட்டாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்குக் கிழக்கே பார். வெள்ளையாக அரைநிலா ஏறிக்கொண்டிருக்கும்.

கேள்வி: என் சிறுகதையில் நாயகன் நள்ளிரவில் ஆற்றங்கரையில் காத்திருக்கிறான்; தலைக்கு மேலே மூன்றாம் பிறை. இது நடக்காது என்று ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார். கதைக்கு இவ்வளவு கணக்குப் பார்க்க வேண்டுமா?
(எழுதத் தொடங்கியிருக்கும் வாசகி)

பதில்: பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆற்றையும் கரையையும் உண்மையாக எழுத நினைப்பவர் வானத்தை மட்டும் பொய்யாக விட்டுவிடக் கூடாது. உங்களுக்கு எழுதியவர் சொன்னது சரி. மூன்றாம் பிறை சூரியன் மறைந்து இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் தானும் மறைந்துவிடும். நள்ளிரவில் அதைக் காணவே முடியாது. அது தலைக்கு மேலே வருவது பகலில், வெயிலில் கண்ணுக்குத் தெரியாமல்.

நிலாவின் வடிவம் ஒரு தகவல், அது வரும் நேரம் இன்னொரு தகவல் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான். இரண்டையும் முடிவு செய்வது சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையே வானில் உள்ள கோணம். கோணம் சிறிதாக இருந்தால் மெல்லிய பிறை; சூரியனுக்கு அருகே இருப்பதால் சூரியனோடு சேர்ந்தே வந்து போகும். கோணம் 90 பாகை என்றால் அரைநிலா. வளர்பிறையில் நண்பகலில் எழுந்து நள்ளிரவில் மறையும், தேய்பிறையில் நள்ளிரவில் எழுந்து நண்பகலில் மறையும். 180 பாகை என்றால் முழுநிலா; சூரியன் மறைய அது எழும், நள்ளிரவில் உச்சிக்கு வரும், விடியும்போது இறங்கும். வடிவத்தைச் சொல்லிவிட்டால் நேரத்தையும் சொல்லியாகிவிட்டது.

இந்தக் கணக்கு கதைக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று பாருங்கள். உங்கள் நாயகன் நள்ளிரவில் காத்திருக்கட்டும்; முதலில் முழு இருட்டு, பிறகு கிழக்கே மரங்களுக்குப் பின்னால் தேய்பிறை அரைநிலா சிவப்பாக எழட்டும். அவன் இருளில் ஒளிந்து ஆற்றைக் கடக்க வேண்டுமென்றால் பௌர்ணமி கழிந்த ஐந்தாம் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மணி வாக்கில்தான் நிலா எழும். அதுவரை அவனுக்குப் பாதுகாப்பு, அதன்பின் ஆபத்து. பிறைதான் வேண்டும் என்றால் விடியலுக்குச் சற்று முன், கிழக்கில் தாழ்வாக. அது தேய்ந்து முடியப்போகும் பிறை. காத்திருந்து ஏமாந்தவனுக்கு மூன்றாம் பிறையைவிட அதுவே பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மெய்யான வரலாற்றிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. டைட்டானிக் கப்பல் 1912 ஏப்ரல் 14 இரவு பனிப்பாறையில் மோதியபோது வானில் நிலா இல்லை. ஏப்ரல் 17 அமாவாசை. அன்று சூரிய கிரகணம்கூட நிகழ்ந்தது. ஆகவே மோதல் நடந்த இரவில் தேய்பிறையின் கீற்று விடியலை ஒட்டித்தான் எழ முடியும். கப்பலின் காவலர்கள் நட்சத்திர வெளிச்சத்தில் மட்டுமே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரவைப் படமாக வரைபவர்கள் சிலர் மேலே ஒரு முழுநிலாவைப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அது மிகவும் வருத்தமாக இருக்கும்.

கேள்வி: பூமியின் நிழல் விழுவதால்தானே நிலா தேய்கிறது?
(கல்லூரி மாணவர்)

பதில்: இல்லை. மிகப் பலர் இப்படி நம்புவதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பூமியின் நிழல் எப்போதும் சூரியனுக்கு நேர் எதிர்த் திசையில்தான் விழும். மாலையில் சூரியன் மேற்கே இறங்கும் நேரத்தில் அரைநிலா தெற்கிலோ தலைக்கு மேலோ நிற்கிறது. நிழல் அப்போது கிழக்கே, அடிவானத்தில். நிலாவை அது தொடவே இல்லை. ஆனாலும் நிலா பாதிதான் தெரிகிறது. நிலாவின் ஒரு பாதிக்கு எப்போதும் வெயில், மறு பாதிக்கு இருள். வெயில் படும் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் பிறை, அரைநிலா, முழுநிலா எல்லாம். பகலில் நிலா தெரியும் ஒருநாள் வெள்ளைப் பந்து ஒன்றை எடுத்துக்கொண்டு வெயிலுக்குப் போங்கள். பந்தை நிலாவின் பக்கம் நீட்டிப் பிடியுங்கள். பந்தில் வெயில் விழும் வடிவமும் நிலாவின் வடிவமும் அப்படியே ஒத்திருக்கும். இதை ஒருமுறை பார்த்தவர் நிழல் கதையை மறுபடி நம்பமாட்டார்.

பூமியின் நிழல் நிலாமீது விழும் நாளும் உண்டு. அது சந்திர கிரகணம், பௌர்ணமியில் மட்டும் நிகழ்வது. நிலாவின் பாதை பூமியின் பாதையிலிருந்து 5 பாகை சாய்ந்திருப்பதால் பெரும்பாலான பௌர்ணமிகளில் அது நிழலுக்கு மேலேயோ கீழேயோ தப்பிப் போய்விடுகிறது.

அரைநிலாவைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் விட மனமில்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் அரிஸ்டார்க்கஸ், நிலா சரியாகப் பாதி ஒளிரும் கணத்தில் சூரியன், நிலா, பூமி மூன்றும் ஒரு செங்கோண முக்கோணத்தை அமைக்கின்றன என்று கண்டார். அப்போது சூரியனுக்கும் நிலாவுக்கும் இடைப்பட்ட கோணம் தெரிந்தால் இரண்டின் தூரங்களை ஒப்பிட்டுவிடலாம். அவர் எடுத்துக்கொண்ட கோணம் 87 பாகை. சூரியன் நிலாவைவிட 18 முதல் 20 மடங்கு தொலைவில் இருக்கிறது என்று முடிவுக்கு வந்தார். உண்மைக் கோணம் 90 பாகைக்கு மிக மிக அருகே. தொலைவு ஏறத்தாழ 390 மடங்கு. எண் தவறினாலும் வழி சரி. தொலைநோக்கி இல்லாத காலத்தில், தரையில் நின்றுகொண்டு, அரைநிலாவை வைத்தே சூரியனின் தூரத்தை அளக்கத் துணிந்த அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

கேள்வி: அரைநிலா நாளில் வெளிச்சம் பௌர்ணமியில் பாதி இருக்குமா?
(இரவுக் காவல் பணியில் இருப்பவர்)

பதில்: பாதிகூட இல்லை, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். இரவெல்லாம் வெளியே இருக்கும் நீங்கள் இதை உணர்ந்திருப்பீர்கள் என்றே நினைக்கிறேன்.

நிலாவின் தரை கரடுமுரடானது. மலைகள், பள்ளங்கள், கற்கள், நுண்ணிய தூள். அரைநிலா நாளில் வெயில் பக்கவாட்டிலிருந்து விழுவதால் மேடு ஒவ்வொன்றும் நிழல் வீசுகிறது. ஒளிரும் பாதிக்குள்ளேயே அத்தனை இருட்டு கலந்து கிடக்கிறது. பௌர்ணமியில் சூரியன் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து நேராக அடிக்கிறது. நிழல்கள் எல்லாம் பொருள்களுக்குப் பின்னே மறைந்துவிடுகின்றன. அந்தத் தூளும் வந்த திசைக்கே ஒளியைக் கூடுதலாகத் திருப்பி அனுப்பும் தன்மை உடையது. இரண்டும் சேர்ந்து முழுநிலாவைப் பளிச்சென்று ஆக்கிவிடுகின்றன.

இதே காரணத்தால், தொலைநோக்கியில் நிலாவைப் பார்க்கப் பௌர்ணமி மோசமான நாள். நிழல் இல்லாமல் எல்லாம் தட்டையாகத் தெரியும். அரைநிலாவில், ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டை ஒட்டிப் பாருங்கள். அந்தக் கோடு நிலாவின் விடியல். நிலநடுக்கோட்டில் அது மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் வேகத்தில்தான் நகர்கிறது. சைக்கிளில் போகிற ஒருவர் விடியலோடு சேர்ந்தே போகலாம். அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தால், இருட்டுக்குள் புதிதாக ஒரு மலை முகட்டில் வெயில் படுவதைக் கண்ணாரக் காணலாம்.

கேள்வி: மெல்லிய பிறைக்குள் மிச்ச வட்டமும் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரிகிறதே?
(இல்லத்தரசி ஒருவர்)

பதில்: நீங்கள் பார்ப்பது நம் பூமியின் வெளிச்சம். நமக்கு மெல்லிய பிறை தெரியும் நாளில் நிலாவில் நிற்பவருக்குப் பூமி கிட்டத்தட்ட முழு வட்டமாகத் தெரியும். சூரிய ஒளி பூமியில் பட்டு, நிலாவுக்குப் போய், அங்கிருந்து மறுபடி உங்கள் கண்ணுக்கு வருகிறது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியோனார்டோ டா வின்சி இந்தக் காரணத்தைத் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். கடல் நீர் ஒளியைத் திருப்புகிறது என்று அவர் நினைத்தார். உண்மையில் பெரும்பங்கு மேகங்களுடையது. பிறை வளர வளர நிலாவிலிருந்து தெரியும் பூமி தேயும், சாம்பல் ஒளியும் குறையும். பிறை தெரியத் தொடங்கிய முதல் மூன்று, நான்கு மாலைகளுக்குள் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அமாவாசை முடிந்து எத்தனை மணி நேரத்தில் பிறையைப் பார்க்கலாம்?
(புகைப்படக் கலைஞர்)

பதில்: பெரும்பாலானோருக்கு ஒரு நாளாவது ஆக வேண்டும். அமெரிக்க வானியலாளர் ஸ்டீபன் ஜேம்ஸ் ஓமேரா 1990 மே மாதத்தில் 15 மணி 32 நிமிட வயதுள்ள பிறையை வெறுங்கண்ணால் பார்த்தார். ஆனால் மணிக்கணக்கை மட்டும் நம்ப முடியாது. சூரியனிலிருந்து நிலா எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே முக்கியம். ஏறத்தாழ 7 பாகைக்குக் குறைந்தால் பிறை கண்ணுக்குப் புலப்படாது என்று பிரெஞ்சு வானியலாளர் ஆந்த்ரே டான்ஜோன் 1930களில் கணித்தார். நீங்கள் கேமராக்காரர் என்பதால் இதையும் சொல்கிறேன்: பிரான்சின் தியரி லெகோ 2013 ஜூலை 8 அன்று, அமாவாசை நிகழும் அதே கணத்தில், காலை வெயிலில், முடி போன்ற பிறையைப் படம் பிடித்துவிட்டார். சூரியனின் நேரடி ஒளி கருவிக்குள் புகாதபடி தனித் தடுப்பு அமைத்துக்கொண்டு எடுத்த படம் அது. நீங்கள் அதை முயல வேண்டாம். சூரியன் முழுவதும் மறைந்த பிறகே லென்ஸை மேற்கே திருப்புங்கள். கண் போனால் வராது.

கேள்வி: தென் அரைக்கோளத்தில் இருக்கும் என் மகள் அனுப்பிய படத்தில் வளர்பிறை இடப்பக்கம் ஒளிர்கிறது. இங்கே வலப்பக்கம். இரண்டு நிலாவா?
(ஒரு தாய்)

பதில்: ஒரே நிலா, அம்மா, உங்கள் மகள் அதைத் தலைகீழாகப் பார்க்கிறார். நீங்கள் தெற்கே முகம் வைத்து நிலாவைப் பார்க்கிறீர்கள், அவர் வடக்கே முகம் வைத்துப் பார்க்கிறார். நிலநடுக்கோட்டை நெருங்கியவர்களுக்கு மேற்கில் இறங்கும் பிறை படகு போலக் கிடக்கும். எனவே இடம், வலம் வைத்து வளர்பிறை, தேய்பிறை சொல்லும் விதி எல்லா ஊருக்கும் பொருந்தாது. மாலையில் மேற்கில் தெரிந்தால் வளரும் பிறை, விடியலுக்கு முன் கிழக்கில் தெரிந்தால் தேயும் பிறை. உங்களுக்கும் மகளுக்கும் இந்த ஒன்று போதும்.

கேள்வி: உதிக்கும்போது பெரியதாக இருக்கும் நிலா மேலே போனதும் ஏன் சிறுத்துவிடுகிறது?
(பலர்)

பதில்: சிறுப்பதில்லை. காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, உதிக்கும் நிலா அதற்குள் கச்சிதமாக அடங்கும்படி ஒட்டி வையுங்கள். நள்ளிரவில் அதே குழல் வழியே பாருங்கள்; அதே அளவு. சொல்லப்போனால் தலைக்கு மேலே இருக்கும்போதுதான் நிலா ஒரு துளி பெரியது. அடிவானத்தில் இருப்பதைவிட அப்போது அது நமக்கு ஏறத்தாழ பூமியின் ஆரம் அளவுக்கு, 6,000 கிலோமீட்டருக்கு மேல், அருகே இருக்கிறது. பெரியதாகக் காட்டுவது நம் மூளை.

கேள்வி: நிலாவில் இருந்து பார்த்தால் பூமி உதித்து மறையுமா?
(எட்டாம் வகுப்பு மாணவர்)

பதில்: அருமையான கேள்வி. நிலா எப்போதும் ஒரே முகத்தைப் பூமிக்குக் காட்டுகிறது. அதனால் அங்கே தரையில் நிற்பவருக்குப் பூமி வானில் ஏறக்குறைய ஒரே இடத்திலேயே நிற்கும், சற்றே அசைந்துகொண்டு. உதயமும் இல்லை, மறைவும் இல்லை. நிலாவின் மறுபக்கம் குடியிருப்பவர் பூமியைப் பார்க்கவே மாட்டார். 1968 டிசம்பர் 24 அன்று அப்பல்லோ 8 பயணத்தில் வில்லியம் ஆண்டர்ஸ் எடுத்த பூமி எழும் படத்தை நீ பார்த்திருப்பாய். அவர் நின்றுகொண்டு எடுக்கவில்லை. நிலாவைச் சுற்றிப் பறந்துகொண்டிருந்த விண்கலத்திலிருந்து எடுத்தார். அதனால்தான் பூமி எழுவது அவருக்குக் கிடைத்தது.

ஆனால் நின்ற இடத்திலேயே பூமி வளரும், தேயும். நமக்கு அமாவாசை என்றால் அவர்களுக்கு முழுப்பூமி. நமக்குப் பௌர்ணமி என்றால் அவர்களுக்குப் பூமி இருண்டிருக்கும். நாம் காணும் நிலாவைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு அகலமான அந்த வட்டம் ஒரு பிறையாக நிற்கும்போது, இருண்ட பகுதியில் நம் நகரங்களின் விளக்குகள் தெரிய வாய்ப்புண்டு.